நகராண்மைக் கழகம் யாருக்குப் பதில் சொல்கிறது?

கோலாலம்பூர் மேயரை மக்களே தேர்ந்தெடுக்கலாமா என்று ஆராயும் பொறுப்பு 2025-ஆம் ஆண்டு ஓர் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செய்தி வெளிவந்ததும் வழக்கமான இனக் கணக்கு தொடங்கியது. தேர்தல் வந்தால் தலைநகரம் மலாய்க்காரர் கையை விட்டுப் போய்விடும் என்றனர் சிலர். தேர்தல் என்பது வரி கட்டும் மக்களின் உரிமை என்றனர் வேறு சிலர். இந்தச் சத்தத்தில் இந்தியர்களைப் பற்றிய பேச்சு பெரிதாக எழவில்லை. நாமும் இது யாருக்கோ நடக்கும் சண்டை என்று ஒதுங்கி நின்றோம்.

அன்பு வாசகர்களே, ஒதுங்கி நிற்கக்கூடிய விஷயமா இது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் ஒரு சராசரித் தமிழ்க் குடும்பம் அன்றாடம் சந்திக்கும் அரசாங்கம் எது? புத்ராஜெயா அல்ல. அங்காடிக் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும், கொடுக்காமல் இழுத்தடிப்பதும் நகராண்மைக் கழகம். வீட்டின் முன்னால் போட்ட கூரைக்குச் சம்மன் அனுப்புவது நகராண்மைக் கழகம். கால்வாயைத் தூர் வாராமல் விட்டு வீட்டுக்குள் வெள்ளம் வர வழி செய்வதும் அதுதான். கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக் கட்டடத்துக்கும் வரைபட அனுமதி அங்கேதான் கிடைக்க வேண்டும். நிலம் கைமாறிய பிறகு புல்டோசரோடு வந்து நிற்பதும் பல வேளைகளில் அவர்களுடைய அமலாக்க அதிகாரிகள்தான்.

சட்ட உதவி கேட்டு வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தின் நோட்டீஸ் ஒன்று இருக்கும். அவர்கள் முதலில் கேட்பது சட்டம் என்ன சொல்கிறது என்பதல்ல. "யாரைப் பார்க்கணும் சார்?" என்பதுதான். எந்தத் தலைவருக்கு அங்கே ஆள் இருக்கிறது, யாருடைய கடிதம் எடுபடும் என்பதே அவர்களுடைய கவலை. தன் வரிப் பணத்தில் நடக்கும் ஒரு மன்றத்தின் முன் குடிமகன் மனுதாரராக மட்டுமே நிற்கப் பழகிவிட்டான். இந்தப் பழக்கம் எப்படி வந்தது, இதை எப்படி மாற்றுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஐரோப்பிய அறிஞர்கள் கேட்கும் மூன்று கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியம் வளர வளர அங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஒரு கேள்வி பெரிதாக எழுந்தது. பிரசல்ஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. ஆனால் அவர்கள் போடும் விதிகள் கோடிக்கணக்கான மக்களைக் கட்டுப்படுத்துகின்றன. அப்படியானால் அந்த அதிகாரத்தை மக்கள் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் சமுதாய ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஷார்ப் இதற்கு இரண்டு அளவுகோல்களைச் சொன்னார். 1999-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் நூலாக நிற்கிறது. ஓர் அரசு இரண்டு வழிகளில் தன்னை நியாயப்படுத்தலாம் என்றார் அவர். ஒன்று, மக்களின் குரல் அதற்குள் போகிறதா? இரண்டு, மக்களுக்கு நல்ல பலன் அதிலிருந்து வெளியே வருகிறதா? பின்னர் 2013-இல் அமெரிக்கப் பேராசிரியை விவியன் ஷ்மிட் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். குரல் உள்ளே போவதற்கும் பலன் வெளியே வருவதற்கும் இடையில், அலுவலகத்தின் உள்ளே என்ன நடக்கிறது? கோப்புகள் திறந்திருக்கின்றனவா? பாதிக்கப்படுகிறவனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்களா? முடிவுக்குக் காரணம் சொல்கிறார்களா?

குரல், பலன், நடைமுறை. இந்த மூன்றும் ஏட்டோடு நின்றுவிடவில்லை. உள்ளாட்சி பற்றிய ஐரோப்பிய சாசனம் 1985-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. ஊராட்சி மன்றங்கள் இரகசிய வாக்கெடுப்பில் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. ஐரோப்பிய மன்றத்தின் 46 உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுள்ளன. 2000-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு 2009-இல் சட்ட வலிமை பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனம், 41-ஆவது விதியில் நல்ல நிர்வாகத்தையே ஓர் உரிமையாக்கியது. ஒன்றியத்தின் அமைப்புகள் ஒருவருக்குப் பாதகமான முடிவெடுக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அவருடைய கோப்பை அவர் பார்க்க விட வேண்டும். முடிவுக்குக் காரணம் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1992-இல் கையெழுத்தான மாஸ்திரிக்ட் ஒப்பந்தப்படி, ஒன்றிய நாடு ஒன்றின் குடிமகன் வேறோர் ஒன்றிய நாட்டில் குடியிருந்தால் அந்த ஊர் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஈழத்திலிருந்து அகதியாகப் போய் ஜெர்மன் குடியுரிமை பெற்ற ஒரு தமிழர், பாரிசுக்குக் குடிபெயர்ந்தால் பாரிஸ் நகர மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, பிரிக்பீல்ட்ஸில் படித்து, பிரிக்பீல்ட்ஸில் மதிப்பீட்டு வரி கட்டும் தமிழருக்குத் தன் நகர மன்றத்தைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை!

முதல் கேள்வி: நம் குரல் எங்கே போனது?

இந்த ஓட்டு நமக்கு எப்போதும் இல்லாமல் இருந்ததா? இல்லை. இருந்தது, பிடுங்கப்பட்டது.

இங்கிலாந்து 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தன் நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைக் கொடுத்துக்கொண்டது. அதே வெள்ளைக்காரன் 1890-இல் கோலாலம்பூருக்குக் கொடுத்தது நியமன உறுப்பினர்களைக் கொண்ட சுகாதார வாரியம். தனக்கு ஓட்டு, நமக்கு வாரியம். நகர மன்றத்துக்கு ஓட்டுப் போட கோலாலம்பூர் மக்கள் 1952 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1952 தேர்தலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 12 இடங்களுக்குப் போட்டி. அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து நின்று 9 இடங்களைப் பிடித்தன. பின்னாளில் சுதந்திரம் பெற்றுத் தந்த கூட்டணி அந்த நகர மன்றத் தேர்தலில்தான் பிறந்தது. உள்ளாட்சித் தேர்தல் இனங்களைப் பிரித்துவிடும் என்று இன்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். அதே தேர்தலில் பங்சார் வட்டாரத்தில் மலாயா சுதந்திரக் கட்சியின் சார்பில் வென்றவர் நம் சமூகத்துப் பெண்மணி தேவகி கிருஷ்ணன். மலாயாவில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஜார்ஜ் டவுன் மாநகரின் மேயராக இருந்தவர் டி. எஸ். இராமநாதன். ஈப்போ நகர மன்றத்தைச் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி கைப்பற்றியது. இவை சீன வாக்காளர்கள் நிறைந்த ஊர்கள். ஆனாலும் மக்கள் நம்மவர்களை நம்பி ஓட்டுப் போட்டார்கள்.

கோலாலம்பூரின் தேர்தல் பத்து ஆண்டுகள்கூட முழுதாக நீடிக்கவில்லை. 1960-ஆம் ஆண்டு கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் 1961-இல் நடைமுறைக்கு வந்ததும் நகர மன்றம் போய், நியமன ஆணையர் வந்தார். மற்ற ஊர்களில் 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, அவசரகால விதிகளின் கீழ் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று அன்றைய பிரதமர் துங்கு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். மோதல் 1966-இல் முடிந்தது. தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை.

இடையில் ஒன்று நடந்தது. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965-இல் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை எல்லாம் ஆராய்ந்த அந்த ஆணையம் 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தது. குறைகள் இருக்கின்றன, ஊழல் புகார்கள் இருக்கின்றன, ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே ஊராட்சி மன்றங்களை நடத்த வேண்டும் என்பது அதன் முடிவு. அறிக்கை 1971-இல்தான் வெளியே வந்தது. அரசாங்கம் அந்த முக்கியப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தேர்தலுக்கு நிரந்தரமாகக் கதவடைத்தது.

ஷார்ப் தன் நூலை எழுதுவதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே, குரல் இல்லாத நிர்வாகம் கூடாது என்று ஒரு மலேசியத் தமிழர் தலைமையிலான ஆணையம் எழுதி வைத்துவிட்டது. நம் சமூகத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் மேடைகளில் எத்தனை முறை இதைப் பேசியிருக்கிறோம்?

பினாங்கு மாநில அரசு 2012-இல் சொந்தமாக ஒரு தேர்தல் சட்டம் இயற்றிப் பார்த்தது. அலிரான் அமைப்பின் பி. இராமகிருஷ்ணனும் மாநில அரசோடு சேர்ந்து வழக்காடினார். 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஆக, நாடாளுமன்றம் மனம் வைக்காமல் இந்தக் கதவு திறக்காது என்பது உறுதியாகிவிட்டது. இன்றைய நிலை என்ன? கிள்ளான்வாசிக்கு நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டு, சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு. 2024-இல் அரச மாநகரமாக உயர்ந்த கிள்ளானின் மன்றத்துக்கு ஓட்டு இல்லை. கோலாலம்பூர்வாசிக்குச் சட்டமன்றமும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒரே ஓர் ஓட்டு, அதோடு சரி. ஆண்டுக்கு 200 கோடி வெள்ளிக்கு மேல் செலவிடும் மாநகராட்சிக்குத் தலைவர் ஒரு நியமன டத்தோ பண்டார்.

இரண்டாவது கேள்வி: யாருக்குப் பலன்?

"குப்பை எடுக்கிறார்கள், விளக்கு எரிகிறது, சாலை நன்றாக இருக்கிறது, தேர்தல் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பலனைக் காட்டி அதிகாரத்தை நியாயப்படுத்தும் வாதம் இது. சரி, அந்தப் பலன் யாருக்கு என்று பார்ப்போம்.

2007 அக்டோபர் 30-ஆம் நாள், தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னதாக, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் ஆலயத்தை மாநகர் மன்றம் இடித்தது. அந்த மன்றத்தின் உறுப்பினர் எவரும் பாடாங் ஜாவா மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் அல்லர். மறுபடியும் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவரும் அல்லர். அதன்பின் நவம்பர் 25-இல் கோலாலம்பூர் சாலைகளில் என்ன நடந்தது என்பது நாடறிந்த கதை. வார்டு உறுப்பினரிடம் கேட்டுத் தீர்த்திருக்கக்கூடிய கோபம், கேட்க ஆளில்லாமல் வீதிக்கு வந்தது.

மூன்றாவது கேள்வி: கோப்புக்குள் என்ன நடக்கிறது?

ஜாலான் மஸ்ஜிட் இந்தியா அருகே தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலத்தை மாநகராட்சி 2014-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. 130 ஆண்டுப் பழமை கொண்டதாகச் சொல்லப்படும் கோயில் அது. பொதுமக்களில் பெரும்பாலோர் இந்த விற்பனையைப் பற்றிக் கேள்விப்பட்டது 2025-இல், கோயில் இடம் மாற வேண்டும் என்ற பிரச்சினை வெடித்தபோதுதான். கடைசியில் அருகிலேயே வேறு இடத்துக்கு மாறுவதென்று முடிவானது. மசூதியா கோயிலா என்று நாடே சண்டை போட்டது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கோயில் நிற்கும் பொது நிலத்தை விற்கும் முன், 2014-இல் அங்கு வழிபடுகிற மக்களை யார் கூப்பிட்டுக் கேட்டார்கள்? அன்றே பொது அறிவிப்பும் விசாரணையும் நடந்திருந்தால், பதினோரு ஆண்டு கழித்து இரண்டு சமயத்தினர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

இன்னோர் உதாரணம் தாமான் ரிம்பா கியாரா. அந்தப் பொதுப் பூங்கா நிலத்தில் ஆடம்பர அடுக்குமாடிகள் கட்ட மாநகராட்சி அனுமதி கொடுத்தது. அதே திட்டத்தில் புக்கிட் கியாரா தோட்டத்து முன்னாள் தொழிலாளர்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. 1980-களில் தற்காலிகம் என்று சொல்லி நீண்ட வீட்டில் குடியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் அவை. பூங்காவைக் காக்க நினைத்த அக்கம்பக்கத்தாருக்கும், வீட்டுக்காகக் காத்திருந்த தொழிலாளர்களுக்கும் இடையே தேவையில்லாத பகை மூண்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2023 ஏப்ரலில் நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு அந்த அனுமதியைச் செல்லாததாக்கியது. பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களைக் கேட்க வேண்டும், முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும், தானே வெளியிட்ட கட்டமைப்புத் திட்டத்தை டத்தோ பண்டார் நினைத்தபடி ஒதுக்க முடியாது என்று நீதிமன்றம் விளக்கியது. ஐரோப்பிய சாசனத்தின் 41-ஆவது விதி சொல்லும் அதே நியாயம், நம் நாட்டு நீதிமன்றத்தின் வாயிலிருந்தே வந்துவிட்டது. இதை நாம் பயன்படுத்த வேண்டும்.

ஒரு நியாயமான அச்சம்

இங்கே ஒரு கேள்வியை மறைக்காமல் பேச வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. ஓரிடத்தில் குவிந்தும் இல்லை. ஒரு வார்டுக்கு ஒரு வெற்றியாளர் என்று தேர்தல் வைத்தால், நியமனத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று இடங்களும் போய்விடாதா?

இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பெரும்பான்மைக்குக் கட்டுப்பட வேண்டுமானால் 'நாம்' என்ற உணர்வு முதலில் இருக்க வேண்டும் என்று ஷார்ப் அவர்களே எச்சரிக்கிறார். ஓட்டு மட்டும் சிறுபான்மையைக் காப்பாற்றாது. ஐரோப்பாவே அதற்குச் சாட்சி. நெதர்லாந்து தேர்தல் நடக்கும் நாடுதான். ஆனால் அங்கு வரி இலாகா, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோர்களை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திக் கடனில் தள்ளியது. அவர்களில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். குடியுரிமை விவரங்களை இலாகா கையாண்ட விதம் பாரபட்சமானது என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கண்டறிந்தது. ஆனால் அங்கே நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டது, கோப்புகள் வெளியே வந்தன, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. இங்கே ஒரு கோயில் நிலம் விற்கப்பட்டதற்கு ஒரு துணை இயக்குநராவது பதில் சொன்னாரா?

எனவே தேர்தலை வேண்டாம் என்பது இதற்குப் பதில் அல்ல. எப்படிப்பட்ட தேர்தல், அதோடு என்னென்ன உரிமைகள் என்று கேட்பதே பதில். மே 13-ஐக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2015-இல் பாஸ் தலைவர் ஹாடி அவாங் அப்படித்தான் எச்சரித்தார். ஆனால் 1969 கலவரம் நடந்தபோது உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கலவரம் வந்தது பொதுத்தேர்தலுக்குப் பின். அதற்காகப் பொதுத்தேர்தலை யாரும் ஒழிக்கவில்லையே!

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, கோலாலம்பூர் பற்றிய ஆய்வின் முழு வடிவமும் பொதுமக்கள் கையில் கிடைக்க வேண்டும். ஆதி நாகப்பன் அறிக்கை மூன்றாண்டு மூடிக் கிடந்ததுபோல் இதுவும் கிடக்கக் கூடாது.

இரண்டாவது, ஊராட்சி மன்றச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டமும் திருத்தப்பட வேண்டும். வார்டு இடங்களோடு, கட்சிகளுக்குக் கிடைக்கும் மொத்த வாக்கு விழுக்காட்டின்படி பகிரப்படும் இடங்களும் வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளில் நகர மன்றங்கள் விகிதாசார முறையில்தான் அமைகின்றன. சிதறிக் கிடக்கும் சமூகத்துக்கு அதுதான் ஓரளவு நியாயம் தரும்.

மூன்றாவது, வீடு, கடை, வழிபாட்டுத் தலம் எதை அகற்றுவதானாலும் முன்கூட்டியே விசாரணை, எழுத்து மூலம் காரணம், கோப்பைப் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பொது நிலம் விற்கப்படும் முன் அறிவிப்பு வர வேண்டும்.

இவை வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் உள்ள கோயில் நிர்வாகங்கள், குடியிருப்பாளர் சங்கங்கள் தங்கள் நிலத்தைப் பற்றிய தகவலை எழுதிக் கேட்கலாம். அந்த மாநிலச் சட்டம் தலைநகருக்குப் பொருந்தாது என்பதால் கோலாலம்பூர்வாசிகள் அதே உரிமையைக் கோரிக் குரல் எழுப்ப வேண்டும். ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே போய் உட்காருங்கள். உங்கள் வட்டாரத்துக்கு நியமிக்கப்பட்டவர் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள். 2025-இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் 2040 வட்டாரத் திட்டத்தில் உங்கள் தெருவும் கோயிலும் பள்ளியும் என்ன நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். நோட்டீஸ் வந்த பிறகு பார்ப்பதில் பலனில்லை.

யாருடைய கடிதம் எடுபடும் என்று தேடி அலைந்தே ஒரு தலைமுறை போய்விட்டது. அடுத்த தலைமுறைக்காவது ஓட்டும், காரணம் கேட்கும் உரிமையும் சட்டப்படி கிடைக்க வேண்டும். ஆதி நாகப்பன் ஆணையத்தின் பரிந்துரை 1968-இலிருந்து பதிலுக்குக் காத்திருக்கிறது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள்: உள்ளாட்சித் தேர்தலுக்கு நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சிந்திப்போம். செயல்படுவோம்.